சம்பளமில்லாத தலைமை

1976 அக்டோபரில், நெருக்கடிநிலை நாட்டை அழுத்திக்கொண்டிருந்தபோது, ஜெயப்பிரகாஷ் நாராயணின் முயற்சியில் மனித உரிமை அமைப்பு ஒன்று பிறந்தது. பேசியவர்களும் எழுதியவர்களும் சிறையில் இருந்த காலம் அது. தொடக்க மாநாட்டை ஆச்சார்ய கிருபளானி திறந்துவைத்தார். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி வி.எம். தார்க்குண்டே தலைவர், பின்னாளில் குடியரசுத் துணைத் தலைவரான கிருஷ்ண காந்த் பொதுச் செயலாளர். இன்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்று நாம் அறிவது அந்த அமைப்பின் தொடர்ச்சிதான்.

அடக்குமுறைக் காலத்தில் நிமிர்ந்து நின்ற இந்த அமைப்பை 1977 தேர்தல் வெற்றி தளர வைத்தது. ஜனதா ஆட்சிக்கு வந்ததும், நேற்றுவரை சிறையில் உடனிருந்த நண்பர்கள் அமைச்சர்கள் ஆனார்கள். இனி உரிமைகளுக்கு ஆபத்தில்லை என்று பலரும் நம்பினார்கள். கூட்டங்கள் குறைந்தன, கிளைகள் சோர்ந்தன. 1980இல் இந்திரா காந்தி மீண்டும் வென்ற பிறகுதான் கழகம் உயிர் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் கூடிய மாநாட்டில் அது இன்றைய பெயரை ஏற்றுக்கொண்டது. தார்க்குண்டேவுடன் பொதுச் செயலாளராக அருண் ஷோரி பொறுப்பேற்றார்.

இந்த மூன்று ஆண்டுத் தளர்ச்சியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உரிமை அமைப்பை வழிநடத்துபவருக்கு, பகையான அரசை எதிர்ப்பதைவிட நட்பான அரசிடம் கணக்குக் கேட்பதே கடினம். கழகத்தின் விதிகளை இந்தப் பின்னணியில் படித்தால்தான் அவற்றின் கூர்மை தெரியும். கட்சிக்காரர்கள் உறுப்பினராகலாம், ஆனால் தேசிய, மாநில அளவில் பொறுப்பு வகிக்க முடியாது. நிதி நிறுவனங்களிடம், உள்நாடோ வெளிநாடோ, பணம் வாங்குவதில்லை. உறுப்பினர் சந்தாவிலும் சொந்தக் கைக்காசிலும் வேலை நடக்கிறது. தலைவருக்குச் சம்பளம் கிடையாது. உண்மை அறியும் குழுவில் போகிறவர் பெரும்பாலும் தானே பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு போகிறார். நிதியை முடக்கி ஓர் அமைப்பின் வாயை அடைப்பது வழக்கமாகிவிட்ட காலத்தில், இந்த ஏழ்மை ஒரு கவசமாகவும் இருந்திருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்துக்கு வந்தவர்கள் யார்? எம்.என். ராயின் மனிதநேயக் கொள்கையில் ஊறிய தார்க்குண்டே, நீதிபதி பதவியை 1969இல் தானாக விட்டவர். ராஜிந்தர் சச்சார் 1985இல் டெல்லி உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டே கழகத்தின் தலைவரானார். தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு எதிராகக் கழகம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் அவரே வாதாடினார். உள்துறைச் செயலாளரின் உத்தரவில்லாமல் ஒட்டுக்கேட்கக் கூடாது, அந்த உத்தரவையும் ஒரு குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் 1996 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பில்தான் பிறந்தன.

சச்சாருக்குப் பின் 1995 முதல் 2009 வரை தலைவராக இருந்தவர் கே.ஜி. கண்ணபிரான். 1929இல் மதுரையில் பிறந்து, சென்னையில் படித்து, ஹைதராபாத்தில் வேரூன்றிய வழக்கறிஞர். அவர் வாழ்நாள் முழுதும் விடாமல் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. போலீஸ் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு ‘மோதல்’ என்கிறது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்கிறது. சரி, அந்தத் தற்காப்பை யார் நிரூபிப்பது, எங்கே? சட்டத்தில் தற்காப்பு என்பது கொலைக் குற்றச்சாட்டுக்கு எதிராக நீதிமன்றத்தில் எடுத்துவைக்கும் வாதம். வழக்கே பதியாமல் அந்த வாதத்தைப் போலீஸ் தனக்குத்தானே ஏற்றுக்கொள்ள முடியாது. ஆந்திராவில் நெருக்கடிநிலைக் காலத்தில் நடந்த சுட்டுக்கொலைகளை விசாரிக்க 1977இல் தார்க்குண்டே தலைமையில் அமைந்த குழுவிலேயே கண்ணபிரான் இந்த வேலையைத் தொடங்கிவிட்டார். மோதல் சாவுகள் ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை, சுதந்திரமான விசாரணை என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது 2014 செப்டம்பரில், கழகம் தொடுத்த வழக்கில்தான். அப்போது கண்ணபிரான் இறந்து நான்கு ஆண்டு ஆகப்போகிறது.

அந்த வேலையின் விலை கொஞ்சமல்ல. அவர் தலைமை வகித்த ஆந்திர சிவில் உரிமை அமைப்பின் துணைத் தலைவர், குழந்தை மருத்துவர் ராமநாதம், 1985 செப்டம்பரில் வாரங்கலில் தம் கிளினிக்கிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நக்ஸல் வழக்குகளில் வாதாடியதாலேயே கண்ணபிரானை நக்ஸல்களின் ஆள் என்றவர்கள் உண்டு. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் கூட்டிய அக்கறையுள்ள குடிமக்கள் குழுவில் இருந்துகொண்டு, அரசின் வன்முறையோடு நக்ஸல்களின் வன்முறையையும் அவர் கேள்வி கேட்டதை அவர்கள் பார்க்க மறந்தார்கள்.

கழகம் நீதிமன்றத்தில் அரசியல் உரிமை மட்டும் பேசவில்லை. 2001இல் ராஜஸ்தானில் கடும் வறட்சி. மக்கள் பட்டினி கிடக்க, இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் மக்கிக்கொண்டிருந்தது. ராஜஸ்தான் கிளை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கிளையை நடத்தியவர்களில் ஒருவரான கவிதா ஸ்ரீவஸ்தவா பிற்பாடு தேசியத் தலைவரானார். அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் வாழும் உரிமைக்குள் உணவு அடங்காதா என்பதே வாதம். 2001 நவம்பர் 28 அன்று வந்த உத்தரவு, அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டில் குறைந்தது 200 நாள், 300 கலோரிக்குக் குறையாத சமைத்த மதிய உணவைக் கட்டாயமாக்கியது. 1982 முதலே சத்துணவு கண்ட தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. வடமாநிலங்கள் பலவற்றுக்கோ பெரும் திருப்பம். உத்தரவு நடைமுறையாகிறதா என்று கண்காணிக்க நியமிக்கப்பட்ட ஆணையர்களில் அதே எஸ்.ஆர். சங்கரனும் ஒருவர். ஒரு தீர்ப்பு வந்ததும் மாலை போட்டுக்கொண்டு வீடு திரும்பாமல், ஆண்டுக்கணக்கில் மாவட்டம் மாவட்டமாக அறிக்கை சேகரித்த அந்தப் பொறுமைதான் இந்தத் தலைமையின் உண்மையான வேலை. அது செய்தியாவதில்லை.

கைதுகள் மட்டும் செய்தியாகின்றன. வேலூர் சி.எம்.சி.யில் படித்த மருத்துவர் பினாயக் சென், கழகத்தின் தேசியத் துணைத் தலைவராக இருந்தபோது 2007 மே மாதம் சத்தீஸ்கரில் கைதானார். அங்கே சல்வா ஜுடும் என்ற ஆயுதக் குழுவின் கொடுமைகளைக் கழகம் ஆவணப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. 2010 டிசம்பரில் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் ஆயுள் தண்டனை. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்தது. தொழிற்சங்க வழக்கறிஞர் சுதா பரத்வாஜ், தேசியச் செயலாளராக இருந்தபோது பீமா கோரேகான் வன்முறை தொடர்பான வழக்கில் 2018இல் கைதாகி, 2021 டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

இத்தனை மதிப்போடு பார்த்தாலும் ஒரு குறை உறுத்துகிறது. தலைவர் பட்டியலைப் பாருங்கள்: பெரும்பாலும் நீதிபதிகள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள். சம்பளமில்லாத பொறுப்பை வேறு வருமானம் உள்ளவர்களால்தான் சுமக்க முடியும். சுட்டுக் கொல்லப்பட்ட ஆதிவாசியின் மகள் புகார் கொடுக்க வருகிறாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் செயற்குழுவில் வந்து உட்கார அவளால் எளிதில் முடியாது. இதற்காக நிதி நிறுவனங்களிடம் கையேந்தும் வழியை நான் ஏற்க மாட்டேன். அந்த விதி தளர்ந்தால் மற்றவையும் தளரும். சந்தா கட்டும் உறுப்பினர்களைப் பல மடங்காகப் பெருக்க வேண்டும். அதில் வரும் பணத்தில் முதல் பங்கு, கூட்டத்துக்கு வரும் கூலித் தொழிலாளியின் பஸ் கட்டணத்துக்கும் அன்றைய கூலிக்கும் போக வேண்டும்.