நல்ல எண்ணத்தில்தானே அனுப்பினேன்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நம் கரியமாணிக்கத்திலிருந்து விழுப்புரம் வழியாகப் போனால் அடுத்து திருவண்ணாமலை மாவட்டம். அங்கே போளூர் பக்கம் அத்திமூர் என்றொரு கிராமம். 2018 மே மாதம், வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் சுற்றிக்கொண்டிருந்தன. 9ஆம் தேதி, கோயிலுக்குப் போக வந்த ஒரு குடும்பம் அந்தப் பக்கம் காரை நிறுத்தி, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்தது. சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா இறந்துபோனார்.

அதே காலத்தில் பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிப்போகும் ஒரு வீடியோவும் நாடெங்கும் பரவியது. அது கராச்சியில் எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும் காட்சியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அடித்தவர்களைக் காவல்துறை பிடித்தது. அனுப்பியவர்கள்? “பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தானே அனுப்பினோம்? அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவைதானே?” என்பார்கள்.

அந்த நிய்யத்தைத்தான் கொஞ்சம் திறந்து பாருங்கள். பிள்ளைகள் மேல் அக்கறை மட்டுமே இருந்தால், காவல் நிலையத்துக்கு ஒரு போன் செய்து விசாரித்திருப்போம். அது சிரமம், விரலால் தட்டுவது சுலபம். முதலில் சொன்னவன் நான் என்ற ஆசை, குரூப்பில் பெயர் கிடைக்கும் என்ற ஆசை, வெளியூர்க்காரன் மேல் ஏற்கெனவே இருந்த சந்தேகம், எல்லாம் அந்த அக்கறைக்குள் ஒளிந்திருக்கின்றன. 2018இல் வெளியான அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வில், ட்விட்டரில் உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அதற்குக் காரணம் இயந்திரம் அல்ல. புதுசாக எதைக் கேட்டாலும் உடனே சொல்லத் துடிக்கும் மனிதர்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பியபோது, அதைப் பேசியவர்கள் எல்லோரும் முனாஃபிக்குகள் அல்ல. பத்ரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் அதில் இருந்தார்கள். நல்லவர் என்பதால் பேச்சு பொய்யில்லை என்று ஆகிவிடவில்லை. நீங்கள் இலேசாக நினைத்தது அல்லாஹ்விடம் மிகப் பாரதூரமானது என்றே சூரா நூர் எச்சரிக்கிறது. காதில் விழுந்தவுடனே ‘இது அவதூறு’ என்று ஏன் சொல்லவில்லை என்றும் அது கேட்கிறது. அனுப்பியவரை மட்டுமல்ல, சும்மா இருந்தவரையும் இந்தக் கேள்வி தொடுகிறது.

நானும் அதில் ஒருவன். அந்தக் குரல்பதிவு எனக்கும் வந்தது. நான் அனுப்பவில்லை. ஆனால் “இது உண்மையா, விசாரித்தீர்களா?” என்று கேட்கவும் இல்லை. குரூப்பில் பெரியவர்கள் இருந்தார்கள், மனஸ்தாபம் வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

அத்திமூருக்குப் பிறகு, ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் தடை வைத்தது. கம்பெனி கைக்குத்தான் கடிவாளம் போட முடியும். அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்து பிறகு வருந்தாதீர்கள், விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் சொன்னது உள்ளத்துக்கு.

சகோதரர்களே! மனிதனுக்குச் செய்த அநீதியை அந்த மனிதனிடமே மன்னிப்புக் கேட்டுத் தீர்க்க வேண்டும். இறந்துபோன அந்த அம்மாவிடம் யார் போய்க் கேட்பது?

இன்று அஸருக்கு முன் உங்கள் போனைத் திறந்து பாருங்கள். பொய் என்று பின்னால் தெரிந்த ஒன்றை அனுப்பியிருந்தால், அதே குரூப்பில், உங்கள் பெயரிலேயே, “நான் அனுப்பியது தவறு” என்று எழுதுங்கள். வெட்கமாக இருக்கும். மறுமையின் வெட்கத்தைவிட அது சிறியது.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளையும் விரல்களையும் பிறருக்குத் தீங்காக்கிவிடாதே. ஆமீன்.