முதல் மூன்று இரவுகள்

“தூங்குறதுக்குத்தானே ரூம், அதுக்கு எதுக்கு இவ்வளவு பணம்?” வெளிநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போடும் வீடுகளில் ஒருமுறையாவது எழும் கேள்வி இது. கேட்க சிக்கனம் மாதிரி இருந்தாலும் இதற்குள் ஒரு தீர்ப்பும் இருக்கிறது. வசதியாகத் தங்குகிறவன் ஊரைப் பார்ப்பதில்லை, அலைந்து திரிந்து கஷ்டப்படுகிறவனே அசல் பயணி என்பது அந்தத் தீர்ப்பு. இதை நான் ஏற்கவில்லை. அதுவரை காலே வைக்காத ஒரு கண்டத்துக்கு முதல் தடவை போகிறவர், முதல் இரண்டு மூன்று இரவுகளுக்காவது நகரத்துக்குள் ஒரு வசதியான விடுதியை எடுத்துக்கொள்வதில் ஆடம்பரமும் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை. ஆனால் அந்த வசதிக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், ஒரு கெடுவும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத வசதியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். யாரும் ஒரு கண்டத்தில் போய் இறங்குவதில்லை, ஒரு ஊரில்தான் இறங்குகிறோம். 54 நாடுகள் கொண்ட ஆப்பிரிக்காவை எடுத்துக்கொண்டால், நம்மூரிலிருந்து முதல் தடவை போகிற பலருக்கும் வாசல் கென்யத் தலைநகர் நைரோபிதான். மனசுக்குள் இருக்கிற ‘ஆப்பிரிக்கா’ வேறு, அந்த ஊர் வேறு. கொளுத்தும் வெயில், மலேரியா, காடு என்று கற்பனை செய்துகொண்டு போகிறவருக்கு நைரோபி குளிரால் பதில் சொல்லும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் குன்னூர் உயரத்தில், இருக்கிற நகரம் அது. ஜூலை மாத இரவுகளில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. அந்த உயரத்தினாலேயே நகருக்குள் மலேரியா அபாயமும் குறைவு. ஆகவே அங்கே ரூம் போடும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்பதைவிட, காலையில் வெந்நீர் வருமா, கனமான போர்வை உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுமா என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். ஊர் மாறினால் வசதிக்கு அர்த்தமும் மாறும். நட்சத்திரங்களை எண்ணி மட்டும் விடுதி எடுப்பவர் கண்டத்துக்கு ரூம் போடுகிறார், ஊருக்கு அல்ல.

இனி வசதி ஏன் தேவை என்ற விஷயத்துக்கு வருவோம். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றப் பாதி அளவுக்கு ஆழ்ந்து உறங்குவதில்லை என்று காட்டியது. இடப்பக்க மூளை அரைத்தூக்கத்தில் காவல் காக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் எழுந்துகொள்கிறது. பழகிய பிறகு இந்த வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது. அப்படியானால் முதல் நாள் காலையில் வெளியே கிளம்புகிற ஆள் முழு ஆள் இல்லை. பாதித் தூக்கத்தோடு, புது நோட்டுகளை எண்ணிக்கொண்டு, மட்டாட்டு வேனின் நடத்துநர் எந்த ஊர்ப் பெயரைக் கூவுகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். மனிதனுக்கு ஒரு நாளைக்கு இருக்கிற கவனம் அளவானது. தண்ணீர் குடிக்கலாமா, தாழ்ப்பாள் சரியாக விழுமா, இரவு எட்டு மணிக்கு மேல் எப்படித் திரும்பி வருவது என்பதிலேயே அது தீர்ந்துபோனால் ஊரைப் பார்க்க என்ன மிஞ்சும்? நல்ல விடுதி அந்தச் சில்லறைக் கவலைகளை எடுத்துக்கொண்டு, கவனத்தை நம் கையில் திருப்பிக் கொடுக்கிறது. நாம் பணம் கொடுப்பது முக்கியமாக அதற்குத்தான்.

இது இன்றைய சுற்றுலா வணிகம் கண்டுபிடித்த நியாயம் இல்லை. அதே கிழக்கு ஆப்பிரிக்காவின் கரையில், 1331இல் மொகதிஷு துறைமுகத்தில் வந்திறங்கிய பயணி இப்னு பதூதா எழுதிவைத்திருப்பதைப் பாருங்கள். மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்த அவருக்கு ஆப்பிரிக்கா சொந்தக் கண்டம்தான், ஆனால் இந்தக் கரை முற்றிலும் புதிது. கப்பல் வந்ததும் ஊர் இளைஞர்கள் மூடிய தட்டுகளில் சாப்பாடு எடுத்துக்கொண்டு படகுகளில் வருவார்களாம். ஆளுக்கொரு வணிகரிடம் தட்டை நீட்டி, இவர் என் விருந்தாளி என்று சொல்லி அழைத்துப்போவார்களாம். வணிகர் அவர் வீட்டில்தான் தங்க வேண்டும், சரக்கை விற்பதும் வாங்குவதும் அவர் மூலமாகத்தான். அறிஞர் என்பதால் இப்னு பதூதாவை ஊர் நீதிபதியான காஜி அழைத்துப்போய், மாணவர்கள் தங்கும் இல்லத்தில் வைத்தார். நெய்ச்சோறு, கோழியும் மீனும் காய்கறியும், பாலில் வேகவைத்த வாழை, எலுமிச்சை ஊறுகாய், மிளகு, பச்சை இஞ்சி, மாங்காய் என்று தமிழ்நாட்டுக்காரர் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் சாப்பாடு வேளைக்கு வேளை வந்தது. இப்படி மூன்று நாள். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை, உடுத்திக்கொள்ள உடை கொண்டுவந்து கொடுத்து, ஊர்ப் பெரியவர்களோடு பள்ளிவாசலுக்கு அழைத்துப்போனார்கள். கவனிக்க வேண்டியது சாப்பாட்டை அல்ல, அந்த ஒழுங்கை. முதலில் ஓய்வு, பிறகு உடை, பிறகு ஊர். வந்தவனைக் களைப்போடு தெருவில் விட்டால் அவன் எதையும் பார்க்க மாட்டான் என்பது அந்தத் துறைமுகத்துக்குத் தெரிந்திருந்தது.

எதிர்த்தரப்பில் பலமான வாதம் ஒன்று உண்டு. வசதியான விடுதி கண்ணைக் கட்டிவிடும் என்பார்கள். இதற்கு ஆதாரமும் நைரோபியிலேயே இருக்கிறது. 1899இல் ரயில்வே முகாமாக ஆரம்பித்த அந்த ஊரில், 1904 கிறிஸ்துமஸ் அன்று நார்ஃபோக் ஹோட்டல் திறக்கப்பட்டது. 1909இல் வேட்டைக்கு வந்த தியோடர் ரூஸ்வெல்ட் தங்கியதும் அங்கேதான். வெள்ளைக் குடியேறிகளுக்கு அதன் வராந்தாதான் ஊர். 1922 மார்ச் 16 அன்று, கைதான தலைவர் ஹாரி துக்குவை விடுவிக்கக் கோரி அருகிலிருந்த காவல் நிலையத்தின் முன் கூட்டம் திரண்டது. போலீஸ் சுட்டது. ஹோட்டல் வராந்தாவில் இருந்த குடியேறிகளும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டதாக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. முன்னணியில் நின்ற மேரி முத்தோனி ஞாஞ்சிரு உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். இன்று அந்த ஹோட்டல் இருக்கும் சாலைக்கே ஹாரி துக்கு சாலை என்றுதான் பெயர். வசதி மனிதர்களை எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் எந்த வசதி என்று கேட்க வேண்டும். மொகதிஷுவின் விருந்தாளி மூன்று நாளில் ஊருக்குள் போனார். நார்ஃபோக் வராந்தாக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தும் ஊருக்குள் போகவே இல்லை. ஊரை ஆள வந்தவர்கள் அவர்கள், அறிய வந்தவர்கள் அல்ல. கெடுதல் மெத்தையிலிருந்து வரவில்லை, அதிலிருந்து எழுந்து போக மனமில்லாததிலிருந்து வந்தது.

ஆகவே விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டுமல்ல, வெளியே போவது எவ்வளவு சுலபம் என்பதையும்தான். அதே நைரோபியில் 1902இல் தொடங்கிய ஸ்டான்லி ஹோட்டலின் காபிக்கடையில் ஒரு முள்மரம் நின்றது. கண்டத்தின் குறுக்கே போகிற பயணிகள், பின்னால் வருகிறவர்களுக்குத் துண்டுச்சீட்டு எழுதி அதன் அடிமரத்தில் குத்திவைத்துவிட்டுப் போவார்கள். ஊசி குத்திய அந்த மரம் ஒரு விடுதி எப்படி வாசலாகவும் இருக்க முடியும் என்பதைக் காட்டியது. இன்றைக்கு அந்த வேலையை விடுதி இருக்கும் இடமே செய்ய வேண்டும். நைரோபியின் டிராபிக் பேர்போனது. 2022இல் 27 கிலோமீட்டர் விரைவுச்சாலை திறந்த பிறகும் உள்தெருக்களில் நெரிசல் விட்டபாடில்லை. மலிவாக இருக்கிறதே என்று ஊருக்கு வெளியே தங்கினால் மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்கும், மிச்சம் பிடித்த நேரம் சிக்னலுக்கும் போய்விடும். வெஸ்ட்லாண்ட்ஸ், பார்க்லாண்ட்ஸ் பக்கம் தங்கினால், தலைமுறைகளாக அங்கே வாழும் இந்திய வம்சாவளியினரின் கடைகளில் சைவச் சாப்பாட்டுக்கும் கவலையில்லை. சூழல் போராளி வங்காரி மாத்தாய் 1999இல் அடி வாங்கிக் காப்பாற்றிய கருரா காடும் தூரமில்லை.

காசுள்ளவர்களுக்குத்தானே இந்த உபதேசம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து நாளும் பெரிய ஹோட்டலில் இருக்கச் சொன்னால் அது உபதேசம்தான். நான் சொல்வது செலவைக் கூட்ட அல்ல, இடம் மாற்றிப் போட. சராசரி விடுதியில் பத்து இரவு இருப்பதற்குப் பதில், முதல் மூன்று இரவு நல்ல விடுதியிலும் மீதி ஏழு இரவு எளிய இடத்திலும் இருந்தால் மொத்தக் கணக்கு பெரிதாக மாறாது. நான்காம் நாள் எது நியாயமான வாடகை, எந்தத் தெரு பாதுகாப்பு என்று நமக்கே தெரிந்துவிடும், விலை பேசவும் வாய் வந்துவிடும். கொடுக்கும் பணம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கே போகிறதே என்ற இன்னொரு ஆட்சேபத்துக்கும் வழியுண்டு. ஸ்டான்லியை இன்று நடத்துவது கென்யாவின் சொந்தக் குழுமமான சரோவா. இப்படி உள்ளூர்க்காரர்கள் நடத்தும் நல்ல விடுதிகள் அநேகமாக எல்லாத் தலைநகரங்களிலும் உண்டு, கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

கஷ்டப்பட்டால்தான் அனுபவம் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கஷ்டம் இரண்டு வகை. புரியாத ஊரைப் புரிந்துகொள்ளப் படும் பாடு ஒன்று, கொசுக்கடியோடும் வராத தண்ணீரோடும் மல்லுக்கட்டும் பாடு இன்னொன்று. முதலாவது நமக்கு ஏதாவது கற்றுத்தரும். இரண்டாவது பெரும்பாலும் களைப்பையும், கூடவே அந்த ஊரைப் பற்றிய ஒரு கசப்பையும்தான் தரும். ராத்திரி முழுக்கத் தூங்காத ஒருவர் ஊர் திரும்பி ‘ஆப்பிரிக்காவே அப்படித்தான்’ என்று சொல்லும்போது, ஒரு மோசமான ரூமின் குறையை ஒரு கண்டத்தின் தலையில் கட்டுகிறார். தன் உடம்பின் அசதியை ஊர்மேல் பழியாகப் போடாமல் இருப்பது பயணி அந்த ஊருக்குக் காட்டும் முதல் மரியாதை. அதற்கு மூன்று இரவு நல்ல தூக்கம் விலையென்றால் கொடுத்துவிடலாம். நான்காம் நாளும் அறையை விட்டுக் கிளம்ப மனசு வராவிட்டால் மட்டும், கணக்கைத் தீர்த்துவிட்டு வேறு இடம் பார்ப்பது நல்லது.