மூன்றாவது மலர்

இறைவன் எந்தப் பூவை விரும்புவான் என்று சுவாமி விபுலாநந்தர் ஒரு பாட்டில் கேட்கிறார். மல்லிகை முதலான பூக்களைச் சொல்லிப் பார்த்து, அவை அல்ல என்று தள்ளிவிட்டு, மூன்று மலர்களை எடுத்து வைக்கிறார். உள்ளம் தாமரை, கூப்பிய கை காந்தள், பார்க்கின்ற விழி நெய்தல். கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலய வளவில் இருக்கும் அவருடைய சமாதியில் அந்தப் பாட்டைப் பொறித்திருக்கிறார்கள். மட்டக்களப்பில் பிறந்த எங்களுக்கு அது சைவப்பாட்டு, வேதக்காரர் பாட்டு என்று பிரிந்து கிடக்கவில்லை. நான் கத்தோலிக்கப் பெண். எனக்கும் அது மனப்பாடம். முதல் இரண்டு மலர்களும் எந்த வழிபாட்டுக்கும் பொருந்தும். மூன்றாவதுதான் இந்த வயதில் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. கண் எப்போது காணிக்கை ஆகிறது? அழகானதைப் பார்க்கும்போது மட்டுமா?

விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு, தன்னாமுனையில் வாவிப்பக்கம் இருக்கும் எங்கள் வளவில் விடியற்காலைகளைக் கமராவோடு கழிக்கிறேன். கமரா பழையது. லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் ஒரு நீட்டிப்புக் குழாயைப் பூட்டினால், அரை அங்குலப் பூச்சி உள்ளேயும் அரை அங்குலமாகவே விழும். அவ்வளவு கிட்டப் போனால் தெளிவு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குத்தான் நிற்கும். எறும்பின் கண் தெளிந்தால் வயிறு மங்கும். காற்று அசைக்கக்கூடாது, நம்முடைய மூச்சே ஒரு காற்றுத்தான். ஆகவே கிணற்றடிச் சேம்புக்கு முன்னால் முழங்காலில் நின்று, மூச்சை அடக்கி, காத்திருப்பேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

தைப்பனிக் காலத்தில் சேம்பிலையைப் பார்க்க வேண்டும். இலையின் மேல் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள் நிறைந்திருப்பதால் நீர் ஒட்டாமல் முத்தாகத் திரண்டு நிற்கிறது. அந்த முத்தும் ஒரு லென்ஸ்தான். அதற்குள் எங்கள் தென்னைகள் தலைகீழாக நிற்கும். வானம் கீழே, மண் மேலே. இன்னும் கிட்டப் போனால் தென்னையும் இல்லை, இலையும் இல்லை. பச்சையில் ஒரு வெள்ளை வளைவு, அதன் ஓரத்தில் செவ்வரத்தையிலிருந்து வந்த சிவப்புக் கோடு, அவ்வளவுதான். இது இன்னது என்று சொல்லப் பெயர் இல்லாத படம். ஜெர்மனியில் கார்ல் புளோஸ்ஃபெல்ட் என்பவர் சாதாரணச் செடிகளின் தளிரையும் தண்டையும் பலமடங்கு பெருப்பித்து எடுத்த படங்கள் 1928இல் நூலாக வந்தன. அவற்றில் சில கோபுரம் போலவும் இரும்புக் கைவேலை போலவும் தெரியும். பெயர் உதிர்ந்த பிறகுதான் பொருளை உண்மையில் பார்க்கத் தொடங்குகிறோம் என்று நானும் நினைத்திருக்கிறேன். இன்றைக்கும் அதில் பாதி உண்மை இருக்கிறது என்றே நம்புகிறேன்.

மற்றப் பாதியைத் தேசிமரம் காட்டியது. வண்ணத்திப்பூச்சியின் புழு ஒன்று கொப்பில் இருந்தது. அதன் முதுகை ஒட்டி அரிசியிலும் சிறிய வெள்ளைக் கூடுகள், பட்டுநூலால் சுற்றிய கூடுகள், நெருக்கி அடுக்கியபடி நின்றன. சரிந்த காலை வெயிலில் அவற்றின் நூல்கள் மினுங்கின. பார்த்தவுடனேயே அவை என்ன என்று எனக்குத் தெரியும். சின்னக் குளவி ஒன்று புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உயிரோடு இருக்கும் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டும். அப்போதும் அந்தப் புழு சாகாமல் கிடக்கும். நான் அன்று இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் கூடுகள் மட்டும்: வெள்ளை, நிழல், மீண்டும் வெள்ளை. மற்றதில் புழுவின் தலையும் இருந்தது, மெல்ல அசைந்துகொண்டு.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டாள்: "என்ன டீச்சர், பூவ விட்டுட்டு அந்தப் புழுவையா புடிக்கிறீங்க?"

அவள் கேட்டதுதான் என்னுடைய கேள்வியும். ஒல்லாந்தரான யான் சுவாமர்டாம் ஒரு பேனை நுண்ணோக்கியின் கீழ் அறுத்துப் பார்த்து, அதில் கடவுளின் விரல் தெரிகிறது என்று 1678இல் நண்பருக்கு எழுதினார். அவருக்குப் பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து, 1860இல், டார்வின் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட குளவிகளை நல்ல கடவுள் வேண்டுமென்றே படைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர். டார்வின் அவரோடு மரியாதையாகவே வாதாடினார். இரண்டு பேரும் கிட்டப் போய்ப் பார்த்தவர்கள்தான். ஒருவர் கண்ட விரலை மற்றவர் காணவில்லை. குளவி இல்லாவிட்டால் தேசியில் இலை மிஞ்சாது என்று வகுப்பில் நானே படிப்பித்திருக்கிறேன். அது மரத்துக்கு ஆறுதல். புழுவுக்கு அல்ல.

அழகைச் சாட்சிக்கு அழைத்துக் கடவுளை நிறுவ முடியாது என்பது என் முடிவு. பனித்துளியை ஒருவர் சாட்சிக்கு அழைத்தால், புழுவை இன்னொருவர் அழைப்பார். அந்த வழக்கு முடியாது. நான் கூடுகளை மட்டும் எடுத்த படம் பொய் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு செபித்தால் அந்தச் செபம் பொய்யாகிவிடும்.

இந்த ஊரில் எதை வெட்டிவிடலாம் என்பது கமராக்காரரின் கவலை மட்டும் இல்லை. எங்களுக்கு வடக்கே ஏறாவூரில் 1990 ஓகஸ்டில் முஸ்லிம்களைக் கொன்றார்கள். தெற்கே சத்துருக்கொண்டானில் அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் திகதி தமிழரைக் கொன்றார்கள், குழந்தைகள் உட்பட. ஒவ்வொரு சனமும் தன் படத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கிறது. மற்றவருடைய படத்தை வெட்டிவிடுகிறது. அந்தத் தெளிவும் ஒரு மில்லிமீற்றருக்குத்தான்.

2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதிய 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில் ஓர் இடம் உண்டு. இலையிலும் மலைப்பாதையிலும் பனித்துளியிலும் ஏழையின் முகத்திலும் மறைபொருள் இருப்பதாக ஒரே மூச்சில் சொல்கிறார். இலையோடும் துளியோடும் நிறுத்தியிருந்தால் எனக்கு இனிமையாக இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. அந்த இடத்துக்கு அவர் அடிக்குறிப்பில் துணைக்கு அழைப்பது அலி அல்-கவ்வாஸ் என்ற ஒரு முஸ்லிம் சூபியை. விபுலாநந்தரும் கண்ணைத்தான் மலர் என்றார். இன்னதைக் கண்டால்தான் அது மலர் என்று நிபந்தனை வைக்கவில்லை. அப்படித்தான் நான் இப்போது அந்தப் பாட்டை வாசிக்கிறேன். கூடுகளுக்கும் புழுவுக்கும் ஒரே பொறுமையோடு முழங்காலிட்டால், விடை கிடைக்காவிட்டாலும் அது வழிபாடு.

இரண்டு படங்களையும் ஏறாவூரில் என்னோடு படிப்பித்த ஒரு முஸ்லிம் ஆசிரியைக்கு அனுப்பினேன். அவர் தன் கைத்தொலைபேசியில் மாட்டும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி, தன் வளவு மாதுளம்பூவுக்குள் ஓர் எறும்பைப் பிடித்து அனுப்பியிருக்கிறார். பூ நன்றாக வந்திருக்கிறது. எறும்புக்கு ஒரு கால் இல்லை. நான் சொல்லாமலே, அதையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறார்.