சனிக்கிழமை மாலைகளில் ஓர் ஊர்

1974இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து ரயில் நிலையத்தில் கேரிசன் கீலர் என்ற இளம் எழுத்தாளர் தன் கைப்பெட்டியைத் தொலைத்தார். மனைவியும் சின்ன மகனும் உடன் வந்த பயணம். பெட்டிக்குள் இரண்டு கதைகள் இருந்தன. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. திரும்ப எழுத உட்கார்ந்தால் வரவும் இல்லை. நாளாக ஆக, தொலைந்த கதைகளில் ஒன்று அவர் மனத்தில் மெருகேறிக்கொண்டே போனது. புதிதாக எழுதியதெல்லாம் அதன் பக்கத்தில் சோகை பிடித்துத் தெரிந்தது. எழுதுகிறவர்களுக்கு இந்த வலி நன்றாகவே தெரியும். பெட்டி தொலையாதவர்களுக்கும் உள்ளே இப்படி ஒரு கதை உண்டு, எழுதியதை எல்லாம் குறைத்துக் காட்டுகிற, எழுதவே முடியாத கதை.

கீலரின் கதைகளை அப்போதே ‘நியூயார்க்கர்’ பத்திரிகை வெளியிட்டுக்கொண்டிருந்தது. நாவல் இன்னும் வரவில்லை. பிழைப்புக்கு வானொலி. மினசோட்டா மாநிலத்தின் பொது வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்திவந்தார். பொது வானொலி என்றால் விளம்பரம் கிடையாது. அந்த வெற்றிடத்தில் கீலர் விளையாடினார்: இல்லாத கடைகளுக்கு விளம்பரம் வாசித்தார். முதலில் ஒரு வண்டி பழுதுபார்க்கும் பட்டறை. பட்டறை என்று ஒன்று இருந்தால் அது ஏதோ ஒரு தெருவில் இருக்க வேண்டும், தெரு ஓர் ஊரில் இருக்க வேண்டும். லேக் வோபிகான் என்ற ஊர் இப்படித்தான் ஒரு விலாசமாக முளைத்தது.

1974 ஜூலை 6 அன்று, செயின்ட் பால் நகரில் ஒரு கல்லூரி அரங்கில், பாட்டும் பேச்சுமாக அவருடைய சனிக்கிழமை நிகழ்ச்சி நேரடியாக ஒலிபரப்பானது. ‘எ ப்ரேரி ஹோம் கம்பேனியன்’ என்று பெயர். வந்திருந்தவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர். அந்த நிகழ்ச்சியில் பிற்பாடு வாராவாரம் லேக் வோபிகான் ஊர்ச் செய்தி சொல்வது வழக்கமாயிற்று. கையில் தாள் இல்லாமல் மைக் முன்னால் நின்று, இந்த வாரம் ஊரில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்ற தொனியில் ஆரம்பிப்பார். அப்புறம் பனி, மீன்பிடிப்பு, நார்வேயிலிருந்து வந்த லூதரன்கள், ஜெர்மனியிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள், சாட்டர்பாக்ஸ் கஃபேயில் காப்பி குடிக்கிறவர்கள். ரால்ஃபின் மளிகைக் கடைக்கு அவர் சொன்ன விளம்பரத்தின் சாரம் இது: இங்கே கிடைக்காத சாமான் இல்லாமலே நீங்கள் காலம் தள்ளிவிடலாம். அந்த ஒரு வரிக்குள் கடையும் இருக்கிறது, கடைக்காரரும் இருக்கிறார், பேராசைப்படாத ஓர் ஊரின் குணமும் இருக்கிறது.

அச்சுக்குப் போகிற பக்கம் காத்திருக்கும். அடித்துத் திருத்தலாம், கிழித்துப் போடலாம், பத்து வருஷம் பெட்டியில் பூட்டியும் வைக்கலாம். சனிக்கிழமை காத்திருக்காது. கதை தயாரோ இல்லையோ, மணி அடித்ததும் மைக் முன்னால் போய் நின்றாக வேண்டும். போன வாரம் சுமாராக இருந்தால் இந்த வாரம் ஈடு செய்யலாம். இந்த வாரமும் சொதப்பினால் ஊர் அழிந்துவிடாது. தொலைந்த கதையின் சாபத்தை இந்தக் கெடு உடைத்தது என்றே நான் நினைக்கிறேன். மகத்தான ஒன்றை எழுதும் பொறுப்பு அவர் தோளிலிருந்து இறங்கி, ஊரில் இன்னார் எப்படி இருக்கிறார் என்று சொல்லும் பொறுப்பு ஏறிக்கொண்டது. இரண்டாவதைச் செய்யச் செய்ய முதலாவது கூடியது. 1985இல் ‘லேக் வோபிகான் டேஸ்’ நாவல் வந்தது, அமோகமாக விற்றது. போர்ட்லாந்தில் போன பெட்டியின் கதையை அதன் முன்னுரையிலேயே அவர் சொல்லியிருக்கிறார்.

நம் எழுத்தாளர் தி. ஜானகிராமனும் அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தவர். அவருடைய பாத்திரங்கள் பேசும்போது நம் காதில் குரலே கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காதுக்காக எழுதிப் பழகியவரின் வாக்கியத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். கீலர் 1991இல் ஒரு கற்பனை வானொலி நிலையத்தை வைத்தே நாவல் எழுதினார். ஓடாத தங்கள் சாண்ட்விச் கடைக்கு ஆள் சேர்க்க இரண்டு சகோதரர்கள் தொடங்கும் நிலையம் அது. வானொலியின் பிறப்பு எவ்வளவு சாதாரணமானது என்பதை அனுபவித்து அறிந்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

லேக் வோபிகான் வரைபடத்தில் இல்லாததற்கும் அவர் ஒரு காரணம் கட்டியிருந்தார். நில அளவையாளர்கள் நாலு மூலையிலிருந்தும் அளந்துகொண்டு வந்தபோது நடுவில் கணக்கு இடித்தது. அந்தப் பகுதியையே விட்டுவிட்டார்கள். யோசித்தால், பெரும்பாலான சிற்றூர்களின் நிலை இதுதான். வெள்ளமோ கொலையோ நடந்தால் ஒழிய அவற்றின் பெயர் செய்தியில் வராது. அங்கே தினமும் நடக்கிற கல்யாணப் பேச்சு, பயிர்க் கவலை, பையன் வீட்டை விட்டுப் போனது, திரும்பி வந்தது எல்லாம் கணக்கில் சேராமல் நடுவில் விழுந்துவிடுகிறது. ஓர் ஊரை யாரோ ஒருவர் விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கும்வரை அது இருக்கிறது. இல்லாத ஓர் ஊரைக் கீலர், இடையில் சில வருஷ ஓய்வு நீங்கலாக, 2016 வரை அப்படி விசாரித்தார். கேட்டவர்கள் தங்கள் சொந்த ஊரின் வீடுகளையும் முகங்களையும் அதற்குக் கடன் கொடுத்தார்கள்.

இன்று மினசோட்டாவில் கைவிடப்பட்ட ரயில் தடத்தின்மேல் சுமார் 100 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை ஓடுகிறது. அதன் பெயர் லேக் வோபிகான் பாதை. அளவையாளர்கள் விட்டுவிட்ட ஊரின் பெயரைச் சொல்லித்தான் அங்கே ஜனங்கள் வழி கேட்கிறார்கள்.