தனிக்கை ஓசை தராது



பிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக்கித் தருமாறு மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். தாஹா அத்தியாயத்தில் இதை ஓதுகிறோம். ஒரு நபியே துணை தேடினார்களென்றால், வழி தவறும் பிள்ளையைத் தனியொருவராகத் திருத்திவிடலாமென நாம் எண்ணலாமா?

நம் மஹல்லாக்களில் நடப்பதென்ன? பையன் படிப்பை நிறுத்துகிறான். கூடாத சகவாசம் சேர்கிறது. போதை மாத்திரை கைக்கு வருகிறது. வாப்பா அடிக்கிறார், உம்மா மறைக்கிறார், ஹஸ்ரத் மறுமையைச் சொல்லி எச்சரிக்கிறார், பள்ளிக்கூடம் டி.சி. கொடுக்கிறது, மனநல ஆலோசகர் சொன்னதோ வீட்டாருக்கு எட்டுவதேயில்லை. எல்லோரும் நல்லதைத்தான் நாடுகிறார்கள். ஆனால் ஒருவர் கட்டியதை மற்றவர் அவிழ்க்கிறார். இடையில் பிள்ளை நழுவிவிடுகிறான்.

ஆகவே, இவர்கள் ஒன்றாய் அமர்ந்து மஷூரா செய்வது அவசியம். அதில் மூன்று விஷயங்கள் முடிவாக வேண்டும்.

முதலாவது, பையன் யாரை நம்புகிறானோ அவரே அவனிடம் பேசட்டும். மற்றவர்கள் அதே சொல்லை வலுப்படுத்தட்டும்.

இரண்டாவது, வேலையைப் பங்கிட வேண்டும். போதைப் பழக்கம் பாவம் மட்டுமன்று, நோயுமாகும். அதை மருத்துவர் கவனிக்கட்டும். படிப்பு அறுந்துவிடாமல் ஆசிரியர் பார்க்கட்டும். கட்டணத்துக்கோ, கைத்தொழிலுக்கோ ஜமாஅத் வழி செய்யட்டும்.

மூன்றாவது, ரகசியம் ஓர் அமானிதம். தேவையானதை மட்டும், அவனிடம் சொல்லிவிட்டே, மற்றவரோடு பகிர வேண்டும். தேநீர்க் கடையில் அது பேச்சாகிவிட்டால் அவன் மறுபடி வாய் திறக்க மாட்டான். எனினும் உயிருக்கு ஆபத்தென்றால் மறைப்பது கூடாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 1098, மனவேதனைக்கு 14416 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்கள் இரவும் பகலும் உள்ளன.

ஒரு வாலிபர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து விபசாரத்துக்கு அனுமதி கேட்டார். சுற்றியிருந்தோர் அதட்டினார்கள். நாயகமவர்களோ அருகில் அழைத்து அமர்த்தினார்கள். உம் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவீரா என வினவினார்கள். அவர்மீது கை வைத்து துஆச் செய்தார்கள். அபூ உமாமா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது.

அதட்டும் குரல்கள் பலவாக இருக்கின்றன. அருகில் அழைக்கும் குரலும் நம் ஊர்களில் ஒன்றுபட்டு ஒலிக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.