ஒரே பாற்சோறு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாகவத கோஷ்டியில் எல்லாருக்கும் ஒரே ஆற்றல் இல்லை. நாலாயிரமும் நெஞ்சில் நிற்பவர் ஒருவர். புத்தகத்தைப் பார்த்தும் தடுமாறுபவர் ஒருவர். நிற்கவும் இயலாத முதியவர் ஒருவர். இவர்களுக்குள் பலனைப் பங்கிடும் ந்யாயம் எது? ஆண்டாள் திருப்பாவையிலே இதற்கு விடை காட்டியருளுகிறாள்.

6ஆம் பாசுரம் தொடங்கி 15ஆம் பாசுரம் ஈறாகப் பத்துப் பெண்பிள்ளைகள் எழுப்பப்படுகிறார்கள். அவர்களுடைய உறக்கம் சோம்பலன்று; க்ருஷ்ணானுபவத்தில் ஆழ்ந்த நிலை என்பது பூர்வாசார்யர்களின் திருவுள்ளம். ஆயினும் தாமாக எழுந்துவர அவர்களுக்கு இயலவில்லை. எழுந்தவர்கள் செய்தது என்ன? 8ஆம் பாசுரத்தில், முன்னே போகிறவர்களைத் தடுத்து நிறுத்திவிட்டு, ஒருத்தியை அழைக்க வந்து நிற்கிறார்கள். 12ஆம் பாசுரத்தில், தலையிலே பனி விழ, இன்னொருத்தியின் வாசலிலே காத்திருக்கிறார்கள். எழாதவள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பாசுரம் உண்டு. முதலில் எழுந்தவளுக்கென்று தனிப் பாசுரம் இல்லை. உழைப்பும் காத்திருப்பும் வேண்டியவர்களுக்கே மிகுதியாகச் சென்றன.

பலன் பெறும் இடம் 27ஆம் பாசுரம். ஆபரணங்கள், ஆடை, முழங்கையளவும் நெய் ஒழுகும் பாற்சோறு. அங்கே முன் எழுந்தவளுக்கு இவ்வளவு, பின் வந்தவளுக்கு இவ்வளவு என்கிற கணக்கில்லை. எல்லாரும் சேர்ந்தே உண்கிறார்கள்.

‘ஆகில், முன்னே எழுந்தவளுக்கு என்ன ஏற்றம்?’ என்னில், அடுத்த பாசுரம் காண்க. எழுப்பினவளும் எழுப்பப்பட்டவளும் ஒரே குரலில், தங்களுக்கு அறிவொன்றுமில்லை என்று விண்ணப்பம் செய்கிறார்கள். எழுப்பின ஆற்றலை அவள் தன் கைமுதலாகக் கொள்ளவில்லை. ஆற்றல் அவன் தந்தது. தந்ததும் பிறரை எழுப்புகைக்காக. சேஷபூதருக்குக் கைங்கர்யமே பலன். அதற்கு மேலொரு கூலி இல்லை.

எம்பெருமானாரும் இவ்வழியே நின்றார். திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து பெற்ற அர்த்தத்தை, ஆசை ஒன்றையே தகுதியாகக் கொண்டு வழங்கியருளினார். கேட்டவர்களை ஒருமுறையும் நடக்கச் சொல்லவில்லை.

முன்வரிசையில் நின்று, பின்னே நிற்பவரை மறந்த நாள்கள் அடியேனுக்கு உண்டு. இனி, சேவாகாலத்தில் நம் குரல் முந்தும்போது, தடுமாறுபவர் வந்து சேரச் சற்றே நிறுத்துவோம். ப்ரஸாதத்துக்கு நம் கை நீளுமுன், எழுந்துவர மாட்டாதவர் எங்கிருக்கிறார் என்று பார்ப்போம். அவரை விட்டுவிட்டு முன்னே போனால், நாம் போய்ச் சேரலாம். கோஷ்டி போய்ச் சேராது.

அடியேன் ராமாநுஜ தாஸன்