எழுப்பாமல் பார்ப்பது

வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பாக் நீரிணை. நடுவே பாலை மரக் காடு, புல்வெளி, உவர்ச்சேறு. விடியும் முன் வந்து நின்றால் உப்பு வாசம்தான் முதலில் தெரியும். பறவைக் குரல்கள் பிறகு.

*

புல்வெளியில் வெளிமான்கள். 1967இல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததே இவற்றுக்காகத்தான். முறுக்குக் கொம்புடைய கரிய கலைமான் ஒன்று தலை நிமிர்த்தி என்னைப் பார்க்கிறது. நானும் நின்றுவிடுகிறேன். நேரம் ஆக ஆக அதன் காதுகள் தளர்கின்றன, மேயக் குனிகிறது. அது குனிந்த பிறகுதான் நான் அங்கே இருக்கலாம் என்று தோன்றுகிறது.

*

சதுப்பில் பூநாரைகள். அலகைத் தலைகீழாக நீரில் கவிழ்த்து, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நடக்கின்றன. நாக்கு முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது, வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்துச் சல்லடையில் நுண்ணிய உயிர்கள் தங்கிவிடும். அவ்வளவு பெரிய உடம்பு இத்தனை சிறிய இரையால் நிரம்ப வேண்டும். மணிக்கணக்கில் மேய்ந்தால்தான் உண்டு.

அவற்றின் காலடியில் கொசு உள்ளான்கள் ஓடுகின்றன. ஒன்றின் எடை ஏறக்குறைய 25 கிராம். ஆர்க்டிக் நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இவ்வளவு தூரம் வருகிறது. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்துதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சிறு உடம்பின் கணக்கை நினைத்தால், உரக்கப் பேசவும் மனம் வருவதில்லை.

*

2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. புயலை நாம் தடுக்க முடியாது. நம் கைகளை நாம் தடுக்கலாம்.

*

கரையில் யாரோ ஓங்கிக் கைதட்டுகிறார்கள். பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழுகிறது. இறக்கைகளின் செம்மையும் கருமையும் ஒரே கணத்தில் விரிகின்றன, கைபேசிகள் உயர்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு படத்துக்காகப் பறவைகள் மேய்ச்சலை விட்டன, தின்று சேர்த்ததைச் செலவழித்தன. கொஞ்ச நேரத்தில் இன்னொரு வண்டி வரும், இன்னொரு கைதட்டல் கேட்கும். ஒருமுறை எழுப்பினால் பறவை தாங்கிக்கொள்ளும். நாளெல்லாம் எழுப்பினால் அதன் வயிறு என்ன செய்யும்?

சரணாலயம் என்று பெயர் வைத்த இடத்திலாவது, அடைக்கலம் புகுந்தவற்றை விரட்டாமல் இருப்பது நம் கடமை.

*

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழி, தை மாதங்களில் போங்கள். பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள், பார்த்துப் பழகட்டும். பறக்கும் படம்தான் வேண்டுமென்றால் பறவைகள் தாமாக எழும்வரை காத்திருங்கள். தயவுசெய்து கைதட்டி எழுப்பாதீர்கள்.